எம் பிள்ளைகளும் கணக்கில் வரட்டும்

கடதாசியில் ஒப்பமிடச் சொன்னால் எம் மக்கள் தயங்குகிறார்கள். அதில் நியாயமுண்டு. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணைக்காகப் பழைய தெல்தெனியா நகரும் அதைச் சூழ்ந்த வயல்களும் நீரில் மூழ்கின. அளவெடுப்பும் படிவமும் முதலில் வந்தன. நிலம் பிறகு போனது. குண்டசாலை, திகனைப் பக்கங்களில் இதை மறக்காத குடும்பங்கள் உள்ளன.

எனினும், ஓட்டிசம் பற்றிய ஆய்வில் பிள்ளையோடு பங்குபற்றும்படி கேட்கப்படும்போது, அதே அச்சத்தால் கதவை மூடிவிடலாகாது என்பதே எமது கருத்து. ஓட்டிசம் மூளை வளர்ச்சியில் ஏற்படும் ஒரு வேறுபாடு. பேச்சிலும் பிறரோடு பழகுவதிலும் அது வெளிப்படும். தாயின் வளர்ப்புப் பிழையால் வருவதன்று.

இலங்கையில் வைத்திய நிபுணர் ஹேமமாலி பெரேராவும் சகாக்களும் நகரை அண்டிய பகுதியொன்றில் 18 முதல் 24 மாதம் வரையான 374 பிள்ளைகளைப் பரிசோதித்து, 2009இல் முடிவை வெளியிட்டனர். சுமார் 93 பேருக்கு ஒருவரிடம் ஓட்டிசம் காணப்பட்டது. அமெரிக்க வினாக்கொத்தோ, மொழிபெயர்த்துக் கேட்டபோது, அப்பிள்ளைகளில் பெரும்பாலானோரை இனங்காணத் தவறியது. எனவே இந்நாட்டுத் தாய்மாருக்கு விளங்கும் புகைப்படங்களைக் கொண்டு புதிய பரிசோதனை முறையொன்றை உருவாக்கி, 2017இல் வெளியிட்டனர். பெற்றோர் முன்வந்திராவிட்டால் இது கைகூடியிராது.

ஒரு பகுதிப் பிள்ளைகளை வைத்துச் செய்த அளவுகோல் எல்லோருக்கும் பொருந்துமென எப்படிக் கொள்வது? தமிழ் பேசும் தோட்டத்துப் பிள்ளையும் இடம்பெயர்ந்த விவசாயியின் பிள்ளையும் ஆய்வில் இல்லையேல், நாளைய சேவைகளும் அவர்களை மறந்தே திட்டமிடப்படும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிடவும் வேண்டாம். 1998இல் லண்டனில் 12 பிள்ளைகளை வைத்து வெளியான ஆய்வொன்று தடுப்பூசியை ஓட்டிசத்தோடு தொடர்புபடுத்தி உலகையே குழப்பியது. அதை நடத்திய வைத்தியர், தம் மகனின் பிறந்தநாள் விழாவுக்கு வந்த சிறுவர்களுக்குத் தலைக்கு 5 பவுண் கொடுத்து இரத்தம் எடுத்ததும் விசாரணையில் வெளிவந்தது. 2010இல் அவ்வாய்வு மீளப்பெறப்பட்டது.

ஆகவே கேளுங்கள்: ஆய்வின் நோக்கம் என்ன? ஒழுக்கநெறிக் குழு அனுமதித்துள்ளதா? இரத்தம், புகைப்படம் எடுப்பார்களா? பெயர் இரகசியமாக இருக்குமா? முடிவை எம் மொழியில் சொல்வார்களா? 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி பிரகடனத்தைப் பின்பற்றும் ஆய்வுகளில், மறுக்கவும் இடையில் விலகவும் உங்களுக்கு உரிமையுண்டு. அதனால் பிள்ளையின் சிகிச்சை பாதிக்கப்படலாகாது.

ஆய்வு வேறு, சிகிச்சை வேறு. பெயர் சொல்லி அழைத்தும் பிள்ளை திரும்பாவிட்டால், வேண்டியதைச் சுட்டிக்காட்டாவிட்டால், ஆய்வாளர் வரும்வரை காத்திராமல் உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள்.

நிலத்துக்கு இட்ட ஒப்பத்தைத் திரும்பப் பெற எம்மால் முடியவில்லை. ஆய்வுக்கு இடும் ஒப்பத்தை எந்நாளும் திரும்பப் பெறலாம். அந்த வேறுபாட்டை அறிந்து, கேட்டுத் தெளிந்து, பிறகு முடிவெடுப்போம்.