நிற்கக் கற்றபின் சறுக்குக



பிள்ளைகளோடு பனிச்சறுக்கு விளையாட விரும்புவோர் காஷ்மீரத்துக் குல்மார்க்கை நாடலாம். ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்திலுள்ள ஊர் அது. ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி இறுதிவரை ஏற்ற காலம். ஆயினும் பனி நம் கட்டளைக்குப் பணிவதன்று. 2024 ஜனவரியில் அச்சரிவுகள் பெரும்பாலும் வெறுந்தரையாய்க் கிடந்தன. ஆகவே, தேதியை மாற்ற இடம் வைத்தே விடுதியைப் பதிவு செய்யுங்கள்.

சறுக்குப் பலகைகளையும் காலணிகளையும் விலைக்கு வாங்க வேண்டா. அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். காலணி குதிகாலை இறுகப் பற்ற வேண்டும். உள்ளே கம்பளிக் காலுறை ஒன்றே போதும். பருத்தியாடை நனைந்தால் எளிதில் உலராது. உள்ளாடையும் கம்பளியாயிருத்தல் நன்று. வெண்பனி வெயிலை எதிரொளிப்பதால் கறுப்புக் கண்ணாடி இன்றியமையாதது. தலைக்கவசத்தையும் மறவாதீர்கள்.

முதலிரு நாள்களைத் தாழ்ந்த சரிவில் பயிற்சியாளரிடம் ஒப்படையுங்கள். பலகைகளின் முன்முனைகளைக் கூட்டி, பின்முனைகளை அகற்றி, வேகம் தணித்து நிற்பதே முதற்பாடம். பிள்ளைகள் விரைந்து கற்பர். பெற்றோர் நாண வேண்டா!

"உச்சிக்குப் போவோம்" என்று இளைஞர் வற்புறுத்துவர். கம்பிவடப் பெட்டி அபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை ஏற்றிச் செல்லும். ஏற்றுவது இயந்திரம், சறுக்கி இறங்குவதோ நம் கால்கள். அம்மலையில் 2023 பிப்ரவரி 1ஆம் நாள் பனிச்சரிவில் சிக்கிப் போலந்து நாட்டவர் இருவர் மாண்டனர். வரையறுத்த தடத்தைவிட்டு விலகாதீர்கள்.

களைத்த காலே தவறும். "இன்னும் ஒருமுறை" என்னும் ஆசை எழும்போதே பலகையைக் கழற்றுங்கள். குடும்பத்தில் மிகவும் அஞ்சுபவரின் வேகமே அனைவரின் வேகமாகட்டும். ஒருவரும் பின்தங்க விடப்படாத விடுமுறையே இனிய விடுமுறை.