விளக்கு கூடினால் பார்வை கூடுமா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் மேகமே சாலையில் இறங்கி நிற்பதுண்டு. அங்கே இரவில் வண்டி ஓட்டுபவர்கள் பம்பரில் இரண்டு, கூரைமேல் நான்கு என்று கூடுதல் விளக்குகளைப் பொருத்திக்கொள்வதில் வியப்பில்லை. விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்பதுதான் என் கேள்வி.

மாணவர்களே, ஓம் விதியை நினைவுகூருங்கள். 12 வோல்ட் பாட்டரியில் 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டை இணைத்தால் மின்னோட்டம் சுமார் 9 ஆம்பியர். போகவர 4 மீட்டர் நீளமும் 0.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உள்ள செம்புக் கம்பியின் மின்தடை ஏறத்தாழ 0.14 ஓம். பெருக்கிப் பாருங்கள், 1.2 வோல்ட்டுக்கு மேல் கம்பியிலேயே தொலைகிறது. மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் இழை விளக்கின் ஒளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய மின்சாரத்தில் 11 வாட் கம்பியைச் சூடாக்கவே செலவாகிறது!

ரிலே இதற்காகவே இருக்கிறது. அதன் சுருளுக்கு 0.15 ஆம்பியர் அளவே போதும். சுருள் மின்காந்தமாகித் தகட்டை இழுக்க, பாட்டரிக்கும் விளக்குக்கும் இடையே தடித்த கம்பிச் சுற்று இணைகிறது. கம்பி 2.5 சதுர மில்லிமீட்டரானால் இழப்பு ஐந்தில் ஒன்றாகும். பாட்டரியை ஒட்டியே 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் வேண்டும். உறை தேய்ந்த கம்பி வண்டியின் இரும்பைத் தொட்டால் தீப்பிடிக்காமல் காப்பது அதுவே. இன்றைய மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் தகட்டின் வேலையை டிரான்சிஸ்டர் செய்கிறது.

சரி, அந்தச் சுருளுக்கு மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது? பலரும் பாட்டரியிலிருந்து எடுத்துத் தனிச் சுவிட்ச் வைத்துவிடுகிறார்கள். இதைத்தான் நான் ஏற்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநரின் ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை கியரில். எதிரே பேருந்து திரும்புகிறது. டிம் போட விரல் போதும். தனிச் சுவிட்சைத் தேட எந்தக் கை இருக்கிறது? கூசிய கண் தெளிய 3 வினாடி என்று வைத்துக்கொண்டாலும், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் பேருந்து அதற்குள் 16 மீட்டருக்கு மேல் உருண்டிருக்கும். பக்கத்தில் பள்ளம்.

ஆகவே தொலைவுக்கு ஒளி வீசும் கூடுதல் விளக்கின் ரிலேச் சுருளை ஹைபீம் கம்பியோடு இணைக்க வேண்டும். டிம் போட்டதும் அதுவும் தானே அணையும். ஓட்டுநரின் நல்ல மனத்தை நம்பி விடவேண்டிய காரியமல்ல இது.

பனி விளக்கின் கதை வேறு. மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்பார்கள். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியது. எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறடிக்கும். நிறத்தைவிட முக்கியம், விளக்கு இருக்கும் உயரம். தாழ்வாக வைத்து, ஒளியை அகலமாகச் சாலைமேல் பரப்பினால் கண்ணுக்கு நேரேயுள்ள பனி ஒளிராது. கூரைமேல் விளக்கு வைத்தால் அந்தப் பனிதான் வெள்ளைச் சுவராகத் தெரியும். பனி விளக்கின் சுருளை டிம் கம்பியோடு இணைப்பதே பொருத்தம். பனியில் ஹைபீமால் பயனில்லை.

வண்டியின் முகப்பில் தேடு விளக்கு வைப்பதை, சிறப்பு அனுமதி இருந்தாலொழிய, 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் தடுக்கின்றன. எல்.இ.டி. வந்தபின் அதே ஒளிக்கு மின்னோட்டம் மிகக் குறைவு. கம்பி சூடாவது குறைந்தது, எதிரே வருபவரின் கண் கூசுவது குறையவில்லை. உங்கள் வீட்டு வண்டியில் கூடுதல் விளக்கு இருந்தால், இன்றிரவு அதை நிறுத்தி வைத்து டிம் போட்டுப் பாருங்கள். கூரை விளக்கு அணைகிறதா?