நேம் சாப்பிடப் புதுச்சேரிக்குப் போகலாமா?

பிள்ளையார்பாளையத்தில் யாரையாவது நிறுத்தி, "வியட்நாம் சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டால் சிரித்துவிட்டு, கோயில் இட்லி விற்கும் கடைக்கு வழி சொல்வார்கள். பஸ்ஸில் மூன்று மணி நேரம் போனால் புதுச்சேரி. அங்கே வியட்நாம் சாப்பாடு ஓட்டலுக்கு வரும் முன்பே வீடுகளுக்கு வந்துவிட்டது.

பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் பலர் சிப்பாய்களாகவும் அரசு ஊழியர்களாகவும் சைகோனுக்குக் கப்பலேறினார்கள். சிலர் அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார்கள். 1954-ல் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. அதே ஆண்டு நவம்பர் 1-ல் புதுச்சேரியும் இந்தியாவின் கைக்கு வந்தது. அந்தக் காலத்திலும், 1975-ல் சைகோன் வீழ்ந்தபோதும் குடும்பங்கள் ஊர் திரும்பின. கூடவே வந்த வியட்நாம் மருமகள்களுக்குப் பாஷை தெரியாது; சமையல் தெரியும்.

முதலில் ஆர்டர் செய்ய வேண்டியது 'நேம்'. கொத்துக்கறி, கண்ணாடி நூடுல்ஸ், காளான், கேரட் எல்லாவற்றையும் அரிசித் தாளில் சுருட்டிப் பொரிப்பது. அரிசித் தாள் என்றதும் மிரள வேண்டாம். அரிசி மாவை மெல்லிசாக ஊற்றி, ஆவியில் வேகவைத்து, மூங்கில் தட்டில் காயவைக்கிறார்கள். நம் பாட்டி போடும் இலை வடாமுக்குச் சொந்தக்காரன்தான்! பொரித்த நேமைக் கீரை இலையில் புதினாவோடு மடித்து, சாஸில் தொட்டுச் சாப்பிட வேண்டும்.

அந்த சாஸ்தான் சைவக்காரர்கள் உஷாராக இருக்க வேண்டிய இடம். நெத்திலி மாதிரி சின்ன மீன்களை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த சாறு அது. காய்கறி அயிட்டத்திலும் சேர்ப்பார்கள் என்பதால், ஆர்டர் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்து நூடுல்ஸ் சூப்பான 'ஃபோ'. எலும்பு சூப்பில் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, சுட்ட இஞ்சி. வாசனையைப் பிடித்தால் பிரியாணி ஞாபகம் வரும், வாயில் வைத்தால் வராது. காரம் ரொம்பக் குறைவு. பச்சை மிளகாயும் எலுமிச்சையும் தனியாக வரும், அளவு நம் இஷ்டம்.

சைகோனிலிருந்து வந்த அந்தப் பாட்டிகள் இப்போது சிலர்தான். பேரப்பிள்ளைகள் பலர் பிரான்ஸில். கைக்கணக்கில் செய்த சமையல் என்பதால் பல வீடுகளில் அளவு எழுதிவைத்த நோட்டு கிடையாது. புதுச்சேரியில் தெரிந்த குடும்பம் இருந்தால், ஓட்டலுக்கு முன்னால் அந்த வீட்டில் விசாரிப்பது நல்லது.

ஊருக்குப் பார்சல் மட்டும் வேண்டாம். திண்டிவனம் தாண்டுவதற்குள் நேம் நமத்துப்போகும்.