கோர்சியின் வேண்டுகோளும் வீரமாமுனிவரின் ஓலையும்

தில்லியிலிருந்து வரும் ஆய்வுக் கட்டுரைகளில் எட்வர்டு டெர்ரி அடிக்கடி தலைகாட்டுகிறார். ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோவின் மதகுருவாக ஜஹாங்கீரின் பாசறையோடு சுற்றியவர். 1655-இல் வெளியிட்ட பயண நூலில் அவர் இயேசு சபையாரைச் சாடுகிறார்: வறுமையில் கிடந்த சிலருக்குக் காசு கொடுத்து முகத்தில் ஞானஸ்நான நீரைத் தெளித்தார்கள், போதனை இல்லாததால் அவர்கள் பெயருக்குத்தான் கிறிஸ்தவர்கள் என்று. நம் கட்டுரையாளர்கள் இதை எடுத்தாண்டுவிட்டு நூலை மூடிவிடுகிறார்கள்.

அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. அவையிலிருந்த இயேசு சபைக் குரு, பிளாரன்ஸ்காரர் பிரான்சிஸ்கோ கோர்சி, டெர்ரியிடம் ஒன்று கேட்டுக்கொண்டார்: நமக்குள் இருக்கும் பேதம் இங்குள்ள முஸ்லிம்களுக்குத் தெரிய வேண்டாம். இருவரும் நட்பாகவே பழகினார்கள். கண்டனம் பின்னர் அச்சேறி லண்டன் வாசகருக்குப் போய்ச் சேர்ந்தது. மொகலாய மண்ணில் அதைக் கேட்க ஆள் இல்லை.

தரங்கம்பாடியில் ஆள் இருந்தது. 1706-இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு கரையிறங்கியபோது கத்தோலிக்கர் அங்கே பல தலைமுறையாக வேரூன்றியிருந்தார்கள். அவர்களுடைய தமிழ் நூல்களைப் படித்துத்தான் அவர் பிரசங்கத் தமிழ் பழகினார். 'சருவேசுரன்' என்ற சொல்லே அங்கிருந்து எடுத்ததுதான். வேதத்தை மக்கள் கையில் கொடுக்கவில்லை, சுரூப வணக்கத்தை வளர்த்தார்கள் என்று லுத்தரன் மிஷன் குற்றம் சாட்டியதும் அந்தக் கடன் தமிழில்தான். இயேசு சபைக் குரு வீரமாமுனிவர் 'வேத விளக்கம்', 'லுத்தேரினத்தியல்பு', 'பேதகம் மறுத்தல்' என்று திருப்பி அடித்தார். அவர்களிடம் அச்சுக்கூடம், இவரிடம் ஓலை. தமிழ் உரைநடை வரலாறு எழுதுவோர் வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையோடு நின்றுவிடுகிறார்கள். அவருடைய உரைநடையின் காரம் இந்தக் கண்டன நூல்களில்தான் ஏறியிருக்கிறது என்பது என் கருத்து.

சண்டை தமிழில் நடந்ததற்குக் காரணம் எளிது: இரு தரப்பும் ஒரே மந்தையைப் பார்த்து நின்றன. தஞ்சை மன்னரின் படையில் இருந்த கத்தோலிக்கர் இராசநாயக்கன், அச்சான தமிழ்ச் சுவிசேஷத்தைப் படித்து லுத்தரன் பக்கம் வந்தார், உபதேசியாரும் ஆனார். சக உபதேசியார்களில் 1733-இல் ஆரோனுக்கும் 1741-இல் தியோகுவுக்கும் குருப்பட்டம் கிடைத்தது. பறையர் என்பதால் இராசநாயக்கனுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. சாதிக்கு இடம் கொடுத்ததாக இயேசு சபையாரை இடித்துரைக்கும் எழுத்துகளைப் படிக்கும்போது இவரை மறக்கக் கூடாது. அந்தக் குற்றச்சாட்டின் கூர்மையான வடிவம் புராட்டஸ்டண்ட் தரப்பில் பிறந்ததும் அல்ல: சீகன்பால்கு வருவதற்கு 2 ஆண்டு முன்பே, 1704-இல், புதுச்சேரியில் போப்பின் தூதர் தூர்னோன், சாதி வழக்கங்களுக்கு இடம் கொடுத்த மலபார் சடங்குகளைத் தடைசெய்து ஆணையிட்டுவிட்டார்.

டெர்ரியை மேற்கோள் காட்டி எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். தரங்கம்பாடி மிஷனின் ஹாலே அறிக்கைகளை ஜெர்மனில் படிக்க முடியாவிட்டால் போகட்டும். வீரமாமுனிவரின் பதிலைத் தமிழில் படிக்க நமக்கு என்ன தடை? அதைப் படித்த பிறகு கட்டுரையை அனுப்புங்கள்.