திரையில் தோன்றும் டிசைன்களும் நம் தறியும்

சமீப காலமாக நம் நெசவாள அங்கத்தினர்கள் பலர் கைப்பேசியில் புதுப்புது டிசைன்களைக் காட்டி, "இதை நெய்தால் விலைபோகுமா?" என்று வினவுகின்றனர. இணையதளங்களில் இவை இலவசமாகவும் சொற்பக் கட்டணத்திற்கும் கிடைக்கின்றன. ஆர்வம் பாராட்டத்தக்கதே. ஆனால் விலைபோகுமா என்பதற்கு முன், இது நெய்யக்கூடிய டிசைன்தானா என்று கேட்பதே முறை என்பது நமது அபிப்பிராயம்.

படம் வேறு, நெசவு டிசைன் வேறு. 240 கொக்கி ஜக்கார்டில், அங்குலத்திற்கு 80 இழையுள்ள பாவில், கொக்கிக்கு ஓர் இழை வீதம் கட்டினால் ஒரு பூ 3 அங்குல அகலத்திற்கு மேல் விரியாது. அதன் உயரம் 4 அங்குலமாகி, அங்குலத்திற்கு 60 ஊடை விழுமானால், ஊடைக்கு ஓர் அட்டையாக 240 அட்டைகள் குத்தியாக வேண்டும். இக்கணக்கில் ஒன்றையேனும் சொல்லாமல், அச்சுத் துணிக்கென எழுதிய படத்தையே நெசவு டிசைன் என்று விற்போர் உளர். அப்படத்தில் ஒரே இதழில் சிவப்பு பத்து விதமாக மங்கிச் செல்லும். நாமோ நிறத்திற்கு ஒரு நாடா எடுக்க வேண்டியவர்கள்! அட்டைக் கூலியும் நூலும் பாழான பின் எவரிடம் சென்று முறையிடுவது?

நம் விவசாய அங்கத்தினர்கள் இதில் சமர்த்தர்கள். சான்று அட்டையில் முளைப்புத் திறன் 80 சதவீதத்திற்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே நெல் விதை மூட்டையைத் தொடுவார்கள்.

2023 ஆகஸ்டு 7, தேசியக் கைத்தறி தினத்தன்று, 'பாரதிய வஸ்திர ஏவம் சில்ப கோஷ்' என்னும் இணையக் களஞ்சியத்தைப் பிரதமர் டெல்லியில் தொடங்கி வைத்தார். அதை உருவாக்கியது 'நிஃப்ட்' எனப்படும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம். பொறுப்பேற்க ஒரு ஸ்தாபனம் பெயர் சொல்லி நிற்பது பெரிய அனுகூலம். பெயரே இல்லாத தளங்களைவிட அதை நாம் நம்பலாம். எனினும் சர்க்கார் முத்திரை இருப்பதனாலேயே ஒரு மாதிரி நம் கொக்கிக் கணக்கிற்குப் பொருந்திவிடாது.

மற்றோர் அபாயமும் உண்டு. சில தளங்கள் நம் சொந்த டிசைனைப் பதிவேற்றுமாறு அழைக்கின்றன. 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டப்படி பதிவு செய்த டிசைனுக்கு முதலில் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்புண்டு. ஆனால் விண்ணப்பிக்குமுன் எங்கேனும் வெளியிடப்பட்ட டிசைன் புதியதாகக் கருதப்படாது. பாராட்டுக்கு ஆசைப்பட்டுத் திரையில் காட்டியவர் அவ்வுரிமையை இழக்க நேரலாம். விண்ணப்பம் முதலில், விளம்பரம் பிறகு.

சந்தேகமுள்ள படத்தைச் சங்கச் செலவில் அட்டையாக்கும் முன், அரக்கோணத்தில் செங்கற்பட்டு ரயிலேறிக் காஞ்சிபுரத்தில் இறங்குங்கள். அங்கே நெசவாளர் சேவை மையத்தில் அதைக் காட்டி, வரைபடத் தாளில் ஏறுமா, எத்தனை கொக்கி, எத்தனை அட்டை என்று கேட்டறியுங்கள். நூல் சாயத்தையும் அங்கேயே பகல் வெளிச்சத்தில் ஒத்துப் பாருங்கள்; கைப்பேசியின் அரக்கும் சாயத்தொட்டியின் அரக்கும் ஒன்றல்ல.