பிடரியிலிருந்து நெற்றிக்கு

மைசூரிலிருந்து மேற்கே மடிக்கேரி சாலையில் சுமார் 45 கிலோமீட்டர் போனால் ஹுன்சூர். அந்தத் தாலுகாவில் பட்சிராஜபுரம் என்று ஒரு குடியிருப்பு. ஹக்கிபிக்கி பழங்குடியினர் வாழும் ஊர். ஹக்கி என்றால் கன்னடத்தில் பறவை. பறவை பிடிப்பவர்கள் என்பது பெயருக்குப் பொருள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வலையும் கண்ணியும் பிழைப்புக்கு உதவவில்லை. மூலிகை, வேர், எண்ணெய் என்று தொழில் மாறியது. இன்று அந்த ஊரின் பெயர் ஒரு பொருளுடன் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஆதிவாசி கூந்தல் எண்ணெய். கைபேசித் திரையில் இடுப்புக்குக் கீழே புரளும் கூந்தலுடன் ஆண்களும் பெண்களுமாக நின்று விற்கிறார்கள். பாலிவுட் பிரமுகர்கள் சிலர் அங்கேயே வந்து படம் எடுத்துப் போட்ட பிறகு வட இந்தியாவுக்கெல்லாம் பார்சல் போகிறது.

தமிழர்களுக்கு இவர்கள் அன்னியர் அல்ல. ஹக்கிபிக்கிகள் பேசும் வாக்ரிபோலிதான் நம் ஊர் நரிக்குறவர்களின் வீட்டு மொழியும். கர்நாடகத்தில் ஹக்கிபிக்கிகள் பல ஆண்டுகளாகப் பழங்குடிப் பட்டியலில் இருக்க, நரிக்குறவர்களைத் தமிழ்நாட்டுப் பட்டியலில் சேர்க்க நாடாளுமன்றம் 2022 டிசம்பர் வரை எடுத்துக்கொண்டது என்பது வேறு கதை. மூலிகை விற்க ஆப்பிரிக்கா வரை போகிறவர்கள் இவர்கள். 2023 ஏப்ரலில் சூடானில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட ஹக்கிபிக்கிகள் சிக்கிக்கொண்டது அப்போதுதான் நாட்டுக்கே தெரிந்தது. அவர்களையும் மற்ற இந்தியர்களையும் மீட்ட நடவடிக்கைக்கு அரசு வைத்த பெயர் ஆபரேஷன் காவேரி.

உழைத்துப் பிழைக்கும் ஒரு சமூகத்தின் வியாபாரத்தைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் எண்ணெய் வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மருந்துகள் விதிகளில் ‘ஜே’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எந்த நோய்களைக் குணப்படுத்துவதாக ஒரு மருந்து உரிமை கொண்டாடக் கூடாது என்று சொல்லும் பட்டியல் அது. புற்றுநோய், குருட்டுத்தன்மை ஆகியவற்றோடு வழுக்கையும் அதில் இருக்கிறது. ‘புதிய முடி வளர்வது’ என்று தனியாகவும் குறிப்பிடப்பட்டிருக்கிறது. எண்ணெய் முடிக்கு மினுமினுப்பு தரும், உடைவதைக் குறைக்கும். ஆனால் ஆண்களுக்கு வரும் சாதாரண வழுக்கையின் காரணம் தோலுக்கு மேலே இல்லை.

அது எங்கே இருக்கிறது என்பதை 1942-ல் அமெரிக்க உடற்கூறியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் காட்டினார். பருவ வயதுக்கு முன்பே விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, வழுக்கைப் பரம்பரையில் வந்தவர்களுக்கு முடி கொட்டத் தொடங்கியது. ஆக, ஹார்மோன் ஒரு பக்கம், பரம்பரை ஒரு பக்கம். டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டிஎச்டி என்ற பொருள் நெற்றியிலும் உச்சந்தலையிலும் உள்ள வேர்களைச் சிறுகச் சிறுகச் சுருக்குகிறது. முடி மெலிகிறது, நிறம் மங்குகிறது, கடைசியில் பூனைமயிராகிறது. பிடரியிலும் காதோரத்திலும் உள்ள வேர்களை அது பெரும்பாலும் தொடுவதில்லை. முழு வழுக்கை ஆனவருக்கும் பின்னால் குதிரை லாடம் போல ஒரு வரிசை மிஞ்சுவது இதனால்தான்.

மைசூரின் கண்ணாடி பதித்த மருத்துவ மையங்கள் நம்பியிருப்பது அந்த லாடத்தைத்தான். மென்பொருள் நிறுவனங்கள் வந்த பிறகு, கல்யாண வயதில் கையில் காசும் தலையில் கவலையுமாக இளைஞர்கள் இங்கே நிறைய. கன்னடத்தில் 2017-ல் வந்த ‘ஒந்து மொட்டெய கதெ’ வழுக்கை விழுந்த ஒரு விரிவுரையாளருக்குப் பெண் கிடைக்காத கதை. கன்னடத்தில் மொட்டெ என்றால் முட்டை. தமிழ்க் காதுக்கு அது வேறு மாதிரிக் கேட்கும், இரண்டும் பொருந்தும். இதற்கு நேர் எதிராக, நகரத்துக்குத் தெற்கே 25 கிலோமீட்டரில் நஞ்சன்கூட்டில் பக்தர்கள் கபிலா நதிக் கரையில் முடி இறக்கிவிட்டுச் சந்தோஷமாக ஸ்ரீகண்டேஸ்வரரைக் கும்பிடப் போகிறார்கள். தானாகக் கொடுத்தால் காணிக்கை, தானாகப் போனால் துக்கம்.

பிடரி முடியைப் பெயர்த்து முன்னால் நடும் யோசனை ஜப்பானில் பிறந்தது. ஷோஜி ஒகுடா என்ற மருத்துவர் 1939-ல் தீக்காயத் தழும்புகளில் இப்படி நட்டு எழுதிவைத்தார். உலகப் போரில் அது மேற்கே எட்டவில்லை. நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் 1952-ல் ஆண் வழுக்கைக்கு இதைத் தனியாகச் செய்து பார்த்தார். 1959-ல் கட்டுரை வெளியிட்டார். பெயர்த்த முடி போய்ச் சேர்ந்த இடத்தின் குணத்தை எடுத்துக்கொள்ளாது, பிறந்த இடத்தின் குணத்தையே வைத்திருக்கும் என்பது அவர் கண்டது. இத்தொழிலின் முதல் விதி இன்றும் அதுதான். அந்தக் காலத்தில் 4 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கொத்தாகப் பெயர்த்ததால் பொம்மைத் தலை போல இருந்தது. இப்போது ஒன்று முதல் நான்கு முடி வரை உள்ள இயற்கையான கொத்துகளாக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துளையால் எடுக்கிறார்கள். இதற்கு எஃப்யூஇ என்று பெயர். பிடரித் தோலை ஒரு பட்டையாக வெட்டியெடுத்துப் பிரிப்பது பழைய முறை; அதில் ஒரு கோடு தழும்பாக நிற்கும், முடியை ஒட்ட வெட்டினால் தெரியும்.

தமிழில் இதை முடி நடவு என்று சொல்வது பொருத்தம். ஏனெனில் கணக்கு நாற்றங்காலில் இருக்கிறது. பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதற்குமாகப் பிடரியிலிருந்து பாதுகாப்பாக எடுக்கக்கூடியது ஐந்தாறு ஆயிரம் கொத்துகள்தான். அடுத்தவர் முடியை வாங்கி நட முடியாது, உடல் ஏற்காது. 22 வயதில் நெற்றி ஏறுகிறது என்று பதறி 3,000 கொத்துகளை முன்வரிசையில் நட்டுவிட்டால், 35-ல் அதற்குப் பின்னால் இருந்த சொந்த முடியும் போன பிறகு முன்னால் ஒரு வேலியும் பின்னால் பொட்டலும் மிஞ்சும். அதனால்தான் நல்ல மருத்துவர்கள் இருபதுகளின் முதல் பாதியில் வருகிறவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். முதல் சந்திப்பிலேயே முன்பணம் கேட்கும் இடத்துக்கும் வருகிறவரைத் திருப்பி அனுப்பும் இடத்துக்கும் உள்ள வித்தியாசமே பாதித் தேர்வு.

முடி கொட்டுகிற எல்லாருக்கும் நடவு தேவையும் இல்லை. டெங்கு, டைபாய்டு, கோவிட் போன்ற கடும் காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டுவது பெரும்பாலும் தானே திரும்பி வரும். பிரசவத்துக்குப் பிறகும் அப்படியே. நாணயம் போல வட்டமாக விழும் புழுவெட்டு வேறு நோய். அதில் நட்டால் நட்டதும் போகலாம். தினமும் 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. இவற்றைப் பிரித்துச் சொல்லத் தோல் மருத்துவர் வேண்டும், விற்பனைப் பிரதிநிதி போதாது. மருந்துகளும் உண்டு. ரத்த அழுத்தத்துக்கு வந்த மினாக்ஸிடில், சாப்பிட்டவர்களுக்கு வேண்டாத இடத்திலெல்லாம் முடி வளர்த்துவிட்டதால் தலைக்குத் தடவும் மருந்தாகி 1988-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புராஸ்டேட் வீக்கத்துக்கு வந்த ஃபினாஸ்டிரைடு 1997-ல் வழுக்கைக்கும் அனுமதிக்கப்பட்டது. இது டிஎச்டி உருவாவதைக் குறைக்கிறது. சிலருக்குப் பாலுணர்வு குன்றும். தற்கொலை எண்ணமும் இதன் பக்க விளைவு என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் உறுதி செய்தது. மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்குகிற மாத்திரை அல்ல இது. நடவு செய்துகொண்டாலும், நடாத முடியைக் காப்பாற்ற மருந்தைத் தொடரச் சொல்வார்கள் என்பதையும் முடிவெடுக்கும் முன்பே கணக்கில் சேர்க்க வேண்டும்.

பணக் கணக்கில் இன்னொரு வரி உண்டு. மருத்துவச் சேவைக்குப் பொதுவாக ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் முடி நடவு அந்த விலக்குக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறது. விபத்து, காயம், பிறவிக் குறைபாடு காரணமாகச் செய்தால் ஒழிய 18 சதவீதம் கட்ட வேண்டும். காப்பீடும் அழகுக்கான சிகிச்சைக்குப் பணம் தராது. கொத்துக்கு இவ்வளவு என்று விலை பேசும் வியாபாரத்தில், எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வதும் தேவைக்கு மேல் நடுவதும் லாபம். எத்தனை எடுத்தார்கள் என்று மயங்கிக் குப்புறப் படுத்திருப்பவரா எண்ணப்போகிறார்?

உயிருக்கு ஆபத்தா என்று கேட்டால், சரியான கையில் மிக அரிது என்பதே பதில். தவறான கையில் நடந்தவை நினைவில் இருக்கின்றன. 2016 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு மையத்தில் முடி நடவு செய்துகொண்ட மருத்துவ மாணவர் இரண்டு நாளில் இறந்தார். அழகு நிலையத்துக்கான உரிமம்தான் அந்த இடத்துக்கு இருந்தது என்று பிறகு தெரிந்தது. மருத்துவம் படித்தவரே ஏமாந்த இடம் அது. 2019 மார்ச்சில் மும்பையில் ஒரே மூச்சில் 9,500 கொத்துகள் நட்டுக்கொண்ட வணிகர் இறந்தார். கடுமையான ஒவ்வாமை என்று சந்தேகிக்கப்பட்டது. கான்பூரில் ஒரு பல் மருத்துவர் செய்த நடவுக்குப் பிறகு இரண்டு பொறியாளர்கள் இறந்ததாக 2025-ல் எழுந்த புகார் போலீஸ் வழக்கானது.

மரத்துப் போகக் கொடுக்கும் லிக்னோகெய்னுக்கு ஓர் எல்லை உண்டு. அட்ரினலின் சேர்த்துக் கொடுக்கும்போது கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பது பொதுவான வரம்பு. 70 கிலோ எடையுள்ளவருக்கு 2 சதவீதக் கரைசலில் சுமார் 25 மில்லிதான். நேரம் நீள நீள மரத்தது தெளியும், ஊசி மறுபடி ஏறும், கணக்குத் தப்பினால் இதயமும் மூளையும் பாதிக்கப்படும். ஆறேழு மணி நேர வேலையில் ஊசி மருந்தின் அளவை யார் குறித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் தெளிவாகவே சொன்னது: முறையான அறுவைப் பயிற்சி பெற்ற பிளாஸ்டிக் சர்ஜன், தோல் மருத்துவர் போன்றோர் செய்ய வேண்டிய வேலை இது, பட்டறையிலோ யூடியூபிலோ பார்த்தது பயிற்சி ஆகாது. உதவியாளர்கள் உதவலாம், அவ்வளவுதான். கர்நாடகத்தில் தனியார் மருத்துவ நிலையங்கள் 2007-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்து, அந்தச் சான்றிதழை எல்லாரும் பார்க்க மாட்டியிருக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் பார்க்க வேண்டியது சுவரில் இருக்கும் ‘முன்–பின்’ படங்களை அல்ல.

நடவு முடிந்து வீட்டுக்கு வருகிறவருக்கு முதல் இரவே சோதனை. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து, நட்ட இடம் எதிலும் உரசாமல் தூங்க வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாள் தலையில் ஏற்றிய திரவம் இறங்கி நெற்றி வீங்கும்; சிலருக்குக் கண் இமை வரை. பார்க்கப் பயமாக இருக்கும், நாலைந்து நாளில் வடியும். ஒவ்வொரு நடவிலும் கடுகளவு பொருக்கு. மருத்துவர் சொன்ன நாளிலிருந்து குவளையால் மெல்ல நீர் ஊற்றிக் கழுவ, ஏழு முதல் பத்து நாளில் உதிரும். அரிக்கும். சொறியக் கூடாது. மைசூர் பேட்டா கட்டி மறைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு அனுமதி இல்லை. அந்தப் பத்து நாளும் தலையை எதுவும் அழுத்தக் கூடாது. ஹெல்மெட்டும் கூடாது, ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டவும் கூடாது. பஸ் அல்லது ஆட்டோ. உடற்பயிற்சிக் கூடத்துக்கு இரண்டு வாரம் விடுமுறை. சிகரெட்டுக்கு அதைவிட நீண்டது, புகை ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. சீழ், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி என்றால் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் உடம்புக்கு. மனதைப் பிடித்து ஆட்டுவது இரண்டாம் வாரத்துக்கு மேல் தொடங்குகிறது. ஆயிரம் ஆயிரமாகக் கொடுத்து நட்ட முடி, ஆறு வாரத்துக்குள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். சுற்றியிருந்த பழைய முடியும் அதிர்ச்சியில் கொஞ்சம் கொட்டலாம். நடவுக்கு முன் இருந்ததைவிட மோசமான தலையுடன் அலுவலகம் போக வேண்டும்; விடுப்பு எதற்கு என்று கேட்டவர்கள் எல்லாம் அந்த வாரத்தில்தான் உற்றுப் பார்ப்பார்கள். விழுந்தது தண்டு மட்டும். வேர் உள்ளே ஓய்வில் இருக்கிறது. முடிக்கு இயல்பாகவே சுமார் மூன்று மாத ஓய்வுப் பருவம் உண்டு; பெயர்க்கப்பட்ட அதிர்ச்சியில் வேர்கள் ஒட்டுமொத்தமாக அந்தப் பருவத்துக்குள் போய்விடுகின்றன. இதை முன்கூட்டியே சொல்லாத மையங்களுக்கு இந்த வாரங்களில் வரும் தொலைபேசி அழைப்புகள் கொஞ்சநஞ்சமல்ல. ஹுன்சூர்ப் புட்டி வீட்டுக்குள் மறுபடி நுழைவதும் பெரும்பாலும் இப்போதுதான். மருத்துவரைக் கேட்காமல் எதையும் தடவக் கூடாது. நான்காம் மாதம் தானாகவே முளைக்கத் தொடங்கும்போது, பாராட்டு எண்ணெய்க்குப் போய்ச் சேரும் என்பது இன்னொரு வேடிக்கை.

முதலில் வருவது மெல்லியதாக, சுருண்டதாக இருக்கும். ஆறாம் மாதத்தில் ஏறக்குறையப் பாதி தெரியும். ஓர் ஆண்டில் முடிவு தெரியும். உச்சந்தலைக்கு ஒன்றரை ஆண்டுகூட ஆகலாம். நட்டதில் சில முளைக்காமலும் போகும். மரத்துப்போன உணர்வு திரும்பச் சில மாதங்கள் பிடிக்கலாம். முடிதிருத்தகத்துக்கு ஒரு மாதம் கழித்துப் போகலாம், முதல் தடவை கத்தரிக்கோலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நட்ட முடியும் நரைக்கும். பிடரியில் எப்போது நரைக்க இருந்ததோ அப்போது. சாயம் பூசவும் ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும்.