சென்னை - பலாலி: 356 கிலோமீற்றர்

கடையில என்னோட வேலை செய்யிற தம்பி ஒருத்தர் பரிசிலிருந்து ஊருக்குப் போகப்போறார். சாமம் கடை பூட்டினாப்பிறகு ரெண்டுபேரும் ஃபோனில தூரம் பார்த்துக்கொண்டிருந்தம். பரிஸ் - கட்டுநாயக்க கிட்டத்தட்ட 8,480 கிலோமீற்றர். நேரே பறந்தால் பத்தரை மணித்தியாலமளவில. திரும்பி வரேக்க எதிர்க்காற்று, இன்னும் கொஞ்சம் கூட.

"அவ்வளவுதானே அண்ணை" எண்டார். கட்டுநாயக்கவில இறங்கி யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில எட்டு மணித்தியாலம் குந்தியிருக்கோணுமே, அதை ஆர் கணக்கில சேர்க்கிறது?

பிறகு நான் சென்னை - பலாலி அடிச்சுப் பார்த்தன். நேர்கோட்டில 356 கிலோமீற்றர்தான்!

2016 இல அம்மாவை சென்னைக்குக் கூப்பிட்டுச் சந்திச்சனான். பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகு. அப்ப பலாலியில இருந்து பிளேன் இல்லை. இரவு பஸ்ஸில கொழும்புப் பக்கம் 400 கிலோமீற்றர், பிறகு கட்டுநாயக்கவில ஏறி சென்னைக்கு 650. வரைபடத்தை எடுத்து அந்த 650க்கு ஒரு கோடு கீறிப் பாருங்கோ... கிட்டத்தட்ட பலாலிக்கு மேலாலதான் போகும். அதாவது மனிசி இரவு முழுக்க தெற்க போய், பிறகு தன்ர வீட்டுக்கு மேலாலேயே வடக்க பறந்திருக்கிறா. சலரோகக்காரி. கால் வீங்கிப்போய் வந்து இறங்கினா. எனக்கிருந்த பத்து நாள் லீவில ரெண்டு நாள் அவவின்ர நித்திரையோட போட்டுது.

பலாலியை 2019 ஒக்டோபரில சர்வதேச விமான நிலையமாத் திறந்து, நவம்பரில சென்னைப் பிளேன் ஓடத் தொடங்கிச்சு. 2020 மார்ச்சில கொரோனாவோட நிண்டு, 2022 டிசம்பரில திரும்ப வந்தது. 2023 இல அம்மா அதிலதான் வந்தா. ஒண்டேகால், ஒண்டரை மணித்தியாலம். காலமை வீட்டில அவிச்ச புட்டை மத்தியானம் சென்னையில இருந்து சாப்பிட்டம். பழுதாகேல்லை.

எங்கட ஆக்கள் சிலர் இதை நக்கலடிக்கினம். விசிறி சுத்துற குட்டிப் பிளேன், எழுபது எண்பது பேர்தான் ஏறலாம், சாமான் கொண்டுபோக ஏலாது, சும்மா படம் காட்டினம் எண்டு. பிரெஞ்சு பாஸ்போட் வைச்சிருக்கிறவைக்கு அது நக்கல்தான். அவை கட்டுநாயக்கவாலயும் போவினம். அகதிப் பத்திரத்தோட இருக்கிற என்னைப்போல ஆக்களுக்கு சென்னைதான் கடைசித் தரிப்பு. அதுக்கங்கால வயசான அம்மா அப்பாதான் வரோணும். அவைக்கு அந்தக் குட்டிப் பிளேன்தான் வேணும். 2025 மார்ச்சில திருச்சிக்கும் விட்டிருக்கினம், நல்லது.

அதுக்காக ஆருக்கும் மாலை போடவும் நான் தயாரில்லை. 1947 டிசம்பரில எயார் சிலோன் முதல் பறப்பே இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்தில இறங்கி மெட்ராஸ் போனதுதான். அண்டைக்கே இருந்ததைத்தான் திருப்பித் தந்திருக்கினம். ஓடுபாதையை நீட்டோணும், டிக்கெட் காசைக் குறைக்கோணும் எண்டு கேக்கிறது பிச்சை இல்லை.

"சென்னையில இருந்து ஒரு மணித்தியாலம்தானே, நீங்களும் ஏறிப் போகலாமே அண்ணை?" எண்டு தம்பி கேட்டார். என்ர பத்திரத்தை எடுத்துக் காட்டினன். ஒரு நாட்டுக்கு மட்டும் போகேலாதெண்டு எழுதிக்கிடக்கு.

அம்மாவுக்கு வாற ஆவணியோட 76 முடியுது. சென்னைக்கு டிக்கெட் போடச்சொல்லி இண்டைக்குத்தான் தங்கச்சிக்குச் சொன்னன்.